ஈ.ஆர்.பி: எழுத்து மூன்று, பொருள் ஒன்பது

வளைகுடா நாடுகளில் வேலை தேடும் நம் இளைஞர்கள் அடிக்கடி பார்க்கும் ஒரு வரி உண்டு: "ஈ.ஆர்.பி தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை." கணக்காளர், ஸ்டோர் கீப்பர், கொள்முதல் பிரிவு உதவியாளர் என்று எந்த வேலையாக இருந்தாலும் இந்த மூன்று எழுத்து தவறாமல் வந்து நிற்கும். உடனே இணையத்தில் தேடுவார்கள், "ஈ.ஆர்.பி கோர்ஸ்" நடத்தும் இடத்தைப் பிடிப்பார்கள், பணத்தைக் கட்டுவார்கள்.

இதே மூன்று எழுத்தை சிங்கப்பூரில் கார் ஓட்டுபவரிடம் சொல்லிப் பாருங்கள். சாலையில் கட்டணம் பிடிக்கும் முறை என்பார். வானொலிப் பொறியாளரிடம் சொன்னால் ஒலிபரப்பின் வலிமை என்பார். மனநல நிபுணரிடம் சொன்னால் ஒரு சிகிச்சையின் பெயர் என்பார். இவர்களில் யாரும் தவறாகச் சொல்லவில்லை. அவரவர் துறையில் அதுதான் அதற்குப் பொருள்.

ஒரு சுருக்கெழுத்துக்கு இத்தனை பொருள் எப்படி வந்தது? சரியான பொருளை எப்படிக் கண்டுபிடிப்பது? தவறாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும்? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அலுவலகத்தில்: எல்லாத் துறைக்கும் ஒரே கணக்கேடு

அதிகம் பேருக்குத் தெரிந்த பொருள் இதுதான். எண்டர்பிரைஸ் ரிசோர்ஸ் பிளானிங். தமிழில் "நிறுவன வளத் திட்டமிடல்" என்று சொல்லலாம். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிமையானது.

மேசை, நாற்காலி செய்து விற்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். விற்பனைப் பிரிவு ஐம்பது நாற்காலிகளுக்கு ஆர்டர் வாங்குகிறது. கிடங்கில் எத்தனை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குறைந்தால் தயாரிக்க வேண்டும். அதற்கு மரமும் திருகும் வாங்க வேண்டும். வாங்கியதற்குப் பணம் கொடுக்க வேண்டும், விற்றதற்குப் பணம் வர வேண்டும், செய்தவர்களுக்குச் சம்பளம் போட வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொரு பிரிவும் தனித்தனி நோட்டு, தனித்தனி கோப்பு வைத்திருந்தது. கிடங்குக் கணக்கில் நாற்பது, விற்பனைக் கணக்கில் அறுபது என்று முரண்படுவது சாதாரணம். ஈ.ஆர்.பி மென்பொருளில் ஒரு தகவலை ஒருமுறை பதிந்தால் போதும். அதை எல்லாப் பிரிவுகளும் ஒரே இடத்திலிருந்து பார்க்கும்.

இதன் தொடக்கம் தொழிற்சாலைகளில்தான். 1960களில் எந்தப் பொருளைச் செய்ய எவ்வளவு மூலப்பொருள், எப்போது தேவை என்று கணினியில் கணக்கிடும் முறை அமெரிக்காவில் வந்தது. அதற்குப் பெயர் எம்.ஆர்.பி. (நம் ஊர்க் கடைப் பொருட்களில் அச்சிடப்படும் அதிகபட்ச சில்லறை விலையும் எம்.ஆர்.பிதான். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது!) பிறகு கணக்கு, விற்பனை, பணியாளர் விவரம் எல்லாம் சேர்ந்து வளர்ந்தபோது, 1990இல் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் இதற்கு ஈ.ஆர்.பி என்று பெயர் வைத்தது.

பெயர்தான் 1990இல் வந்தது. மென்பொருள் முன்பே இருந்தது. ஐ.பி.எம் நிறுவனத்திலிருந்து வெளியேறிய ஐந்து பொறியாளர்கள் ஜெர்மனியில் எஸ்.ஏ.பி நிறுவனத்தைத் தொடங்கிய ஆண்டு 1972. ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ், ஓடூ ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவை. நமக்குப் பழக்கமான பெங்களூரு டேலி, 2009இல் தன் பெயரிலேயே ஈ.ஆர்.பியைச் சேர்த்து "டேலி ஈ.ஆர்.பி 9" என்று வந்தது. 2020இல் "டேலி பிரைம்" ஆனபோது அந்த மூன்றெழுத்து பெயரிலிருந்து போய்விட்டது.

இந்த மென்பொருள் சரியாக அமையாவிட்டால் இழப்பும் பெரிதாக இருக்கும். அமெரிக்காவின் ஹெர்ஷீ மிட்டாய் நிறுவனம் 1999இல் புதிய ஈ.ஆர்.பி அமைப்புக்கு மாறியது. மிட்டாய் அதிகம் விற்கும் ஹாலோவீன் பருவம் நெருங்கிய நேரம் அது. கையில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களைக் காலத்தில் அனுப்ப முடியாமல் போனது. ஜெர்மனியின் லிடில் பல்பொருள் அங்காடி நிறுவனம் ஏழு ஆண்டுகள் உழைத்து, சுமார் 50 கோடி யூரோ செலவழித்த பிறகு 2018இல் தன் திட்டத்தையே கைவிட்டது.

வேலை தேடுவோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "ஈ.ஆர்.பி" என்பது ஒரு மென்பொருளின் பெயர் அல்ல, ஒரு வகையின் பெயர். "வாகனம் ஓட்டத் தெரியும்" என்று ஒருவர் சொன்னால் பைக்கா, காரா, லாரியா என்று கேட்போம் அல்லவா? அதுபோல இங்கும் கேட்க வேண்டும். எந்த நிறுவனத்தின் மென்பொருள்? அதில் எந்தப் பிரிவு, நிதியா, கொள்முதலா, விற்பனையா? தினமும் பதிவு செய்யும் பயனாளராக வேண்டுமா, அல்லது நிறுவனத்துக்கு அமைத்துக் கொடுக்கும் ஆலோசகராக வேண்டுமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் பயிற்சிக் கட்டணம் கட்டுவது, எந்த ஊருக்கு என்று கேட்காமல் பஸ்ஸில் ஏறுவதற்குச் சமம்.

சிங்கப்பூர் சாலையில்: நெரிசலுக்கு ஒரு விலை

வேலைக்காக சிங்கப்பூர் சென்றவர்களுக்கு ஈ.ஆர்.பி என்றால் மென்பொருள் நினைவுக்கு வராது. எலெக்ட்ரானிக் ரோடு பிரைசிங், அதாவது மின்னியல் சாலைக் கட்டணம்தான் நினைவுக்கு வரும்.

நகரின் மையப் பகுதிக்குள் நெரிசல் நேரத்தில் வரும் வாகனங்களுக்குக் கட்டணம் விதிக்கும் முறையை சிங்கப்பூர் 1975 ஜூன் மாதமே தொடங்கிவிட்டது. அப்போது காகித அனுமதிச் சீட்டு. அதை வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும், எல்லையில் நிற்கும் அலுவலர் கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பார். 1998இல் அது மின்னியல் முறையானது. சாலைக்குக் குறுக்கே, தலைக்கு மேலே நிற்கும் இரும்புச் சட்டத்தின் கீழ் வாகனம் கடக்கும்போது, உள்ளே பொருத்தியிருக்கும் கருவியிலிருந்து பணம் தானாகக் கழிந்துவிடும். வண்டியை நிறுத்த வேண்டியதில்லை. 2023 இறுதியிலிருந்து, செயற்கைக்கோள் உதவியுடன் இயங்கும் புதிய கருவிகளுக்கு வாகனங்கள் மாறத் தொடங்கின.

நம் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி சாலை போட்ட செலவை வசூலிக்கிறது. இதன் நோக்கம் வேறு. வாகனங்களின் வேகத்தை அளந்து கட்டணத்தை முடிவு செய்கிறார்கள். விரைவுச் சாலைகளில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர், மற்ற முக்கியச் சாலைகளில் 20 முதல் 30 கிலோமீட்டர் என்பது இலக்கு. வேகம் அதற்குக் கீழே போனால் நெரிசல் என்று பொருள், கட்டணம் கூடும். இலக்கைத் தாண்டி வாகனங்கள் தாராளமாக ஓடினால் கட்டணம் குறையும். நேரத்தை மாற்றிக்கொள்ளவோ பஸ், ரயிலில் செல்லவோ மக்களைத் தூண்டுவதுதான் நோக்கம்.

ஆகவே சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் "ஈ.ஆர்.பி ஏற்றிவிட்டார்கள்" என்று அலுத்துக்கொண்டால், அவர் அலுவலக மென்பொருளைப் பற்றிப் பேசவில்லை.

ஜெர்மனியில்: போருக்குப் பின் வந்த உதவி

மூன்றாவது பொருள் வரலாற்றிலிருந்து வருகிறது. இரண்டாம் உலகப் போரில் இடிந்துபோன ஐரோப்பாவை மீட்க அமெரிக்கா கொண்டுவந்த திட்டத்தை "மார்ஷல் திட்டம்" என்று பள்ளியில் படித்திருப்போம். 1947 ஜூனில் ஹார்வர்டில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் ஆற்றிய உரையால் அந்தப் பெயர் வந்தது. அதன் அதிகாரப்பூர்வப் பெயர் யூரோப்பியன் ரிகவரி புரோகிராம், சுருக்கம் ஈ.ஆர்.பி. 1948 ஏப்ரலில் சட்டமாகி, சுமார் நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய 1,300 கோடி டாலர் உதவி 16 நாடுகளுக்குச் சென்றது.

திட்டம் முடிந்தாலும் ஜெர்மனியில் பெயர் முடியவில்லை. உதவியாக வந்த பொருட்களைப் பெற்றவர்கள் அதற்கான பணத்தை உள்நாட்டு நாணயத்தில் ஒரு நிதியில் செலுத்தினார்கள். அந்த நிதியிலிருந்து தொழில்களுக்குக் கடன் கொடுத்தார்கள். திரும்பி வந்ததை மீண்டும் கடனாகக் கொடுத்தார்கள். அந்தச் சுழற்சி இன்றும் நடக்கிறது. ஜெர்மனியின் அரசு வளர்ச்சி வங்கி, புதிதாகத் தொழில் தொடங்குவோருக்குத் தரும் சில கடன்களின் பெயரில் இன்றும் ஈ.ஆர்.பி இருக்கிறது.

எஸ்.ஏ.பி பிறந்ததும் அதே நாட்டில்தான். அங்கே ஒரு சிறு தொழில்முனைவோர் ஈ.ஆர்.பி கடன் வாங்கி ஈ.ஆர்.பி மென்பொருள் வாங்கினால், ஒரே வாக்கியத்தில் இரண்டு ஈ.ஆர்.பி வரும். ஒன்றுக்கும் மற்றதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

வானொலியிலும் பங்குச் சந்தையிலும்

வானொலித் துறையில் இது எஃபெக்டிவ் ரேடியேட்டட் பவர். ஒலிபரப்புக் கருவி வெளியிடும் சக்தி அப்படியே காற்றில் போவதில்லை. கேபிளில் கொஞ்சம் வீணாகும். ஆன்டெனா மீதியை வேண்டிய திசையில் குவித்து அனுப்பும். டார்ச் விளக்கின் பல்பு சிறியதுதான், ஆனால் பின்னால் இருக்கும் கிண்ணம் ஒளியைக் குவிப்பதால் தூரம் வரை தெரிகிறது அல்லவா? அதுபோல இழப்பைக் கழித்து, குவிப்பைச் சேர்த்துக் கணக்கிட்டு வரும் பயனுள்ள சக்திதான் இங்கே ஈ.ஆர்.பி.

இந்தியாவில் சமுதாய வானொலி நடத்த விரும்பும் கல்லூரிக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் இந்த எண் மிக முக்கியம். 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்.எம் இந்த வகை வானொலிகளில் முன்னோடி. அரசின் கொள்கை ஈ.ஆர்.பிக்கு 100 வாட் என்று வரம்பு வைத்திருக்கிறது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஈ.ஐ.ஆர்.பி என்று ஓர் எழுத்து கூடிய இன்னொரு அளவு இருக்கிறது. ஒப்பிடும் ஆன்டெனா வேறு என்பதால், 100 வாட் ஈ.ஆர்.பி என்பது 164 வாட் ஈ.ஐ.ஆர்.பிக்குச் சமம். படிவத்தில் ஓர் எழுத்தைத் தவறவிட்டால் கணக்கே மாறிவிடும்.

பங்குச் சந்தையில் இது ஈக்விட்டி ரிஸ்க் பிரீமியம். ஆபத்து மிகக் குறைந்த அரசுப் பத்திரம் ஆண்டுக்கு 7 சதவீதம் தருகிறது, பங்குகளிலிருந்து 12 சதவீதம் எதிர்பார்க்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் இருக்கும் 5 சதவீதம்தான் ஈ.ஆர்.பி, அதாவது நஷ்ட அபாயத்தை ஏற்பதற்காக முதலீட்டாளர் எதிர்பார்க்கும் கூடுதல். இது எதிர்பார்ப்பு மட்டுமே. கிடைத்தே தீரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒரே மருத்துவமனைக்குள் ஐந்து

இதுவரை பார்த்தவை வெவ்வேறு இடங்கள், வெவ்வேறு துறைகள். ஆனால் ஒரே கட்டடத்துக்குள் ஐந்து பொருள்கள் உலவும் இடம் மருத்துவமனை.

பில் போடும் இடத்தில் ஈ.ஆர்.பி என்றால் மென்பொருள். இது முன்பே பார்த்ததுதான்.

இதயப் பிரிவில் எஃபெக்டிவ் ரிஃப்ராக்டரி பீரியட். இதயத் தசை ஒருமுறை தூண்டப்பட்டதும், அடுத்த தூண்டலை ஏற்காமல் ஓய்வெடுக்கும் மிகச் சிறிய கால அளவு இது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லி நொடியில் அளப்பார்கள். இந்த ஓய்வு இருப்பதால்தான் இதயம் தாறுமாறாகத் துடிக்காமல் சீராகத் துடிக்கிறது. துடிப்புக் கோளாறுக்குத் தரும் சில மருந்துகள் இந்த ஓய்வு நேரத்தை நீட்டித்துத்தான் வேலை செய்கின்றன.

அறுவைச் சிகிச்சைப் பிரிவில் என்ஹான்ஸ்டு ரிகவரி புரோகிராம், அதாவது விரைவாகத் தேறிவரும் திட்டம். 1990களில் டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் இதற்கு வழிகாட்டினார். ஆபரேஷனுக்கு முன் தேவையில்லாமல் நெடுநேரம் பட்டினி போடாமல் இருப்பது, முடிந்ததும் சீக்கிரம் எழுந்து நடக்க வைப்பது, சீக்கிரம் உணவு தொடங்குவது, வலியைச் சரியாகக் கட்டுப்படுத்துவது ஆகியவை இதில் அடங்கும். பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் இந்தச் சுருக்கம் புழங்கியது. அதே திட்டத்தை ஈராஸ் என்று சொல்பவர்களும் உண்டு.

நரம்பியல் ஆய்வுக் கூடத்தில் ஈவென்ட் ரிலேட்டட் பொட்டென்ஷியல். ஒரு சத்தத்தைக் கேட்கும்போதோ ஒரு சொல்லைப் படிக்கும்போதோ மூளையில் எழும் மிக நுண்ணிய மின் அலை இது. தலையில் உணர்கருவிகளை ஒட்டி, ஒரே சோதனையைப் பலமுறை செய்து, சராசரி எடுத்தால்தான் இது தெரியும். இதில் நம் தலைப்போடு தொடர்புள்ள ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. "தேநீரில் சர்க்கரையும் செருப்பும் போட்டுக் குடித்தார்" என்ற வாக்கியத்தைப் படியுங்கள். "செருப்பு" என்ற சொல் வந்ததும், ஒரு நொடியில் பாதிகூட ஆவதற்குள், மூளையில் ஒரு தனி அலை எழுகிறது. மார்த்தா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1980இல் இதைக் கண்டறிந்தார்கள். சொல் தோன்றிய சுமார் 400 மில்லி நொடியில் உச்சம் தொடுவதால் அதற்கு என்.400 என்று பெயர். ஒவ்வொரு சொல்லையும் அதன் அக்கம்பக்கத்தோடு பொருத்திப் பார்ப்பது மூளையின் இயல்பு என்பதற்கு இது ஒரு சான்று.

ஐந்தாவது, மனநலப் பிரிவில். எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் பிரிவென்ஷன். நம் குடும்பங்களில் பலருக்குப் பயன்படக்கூடியது என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

வஸ்வாஸும் ஒரு சிகிச்சையும்

ஒளு முறிந்துவிட்டதோ என்று சந்தேகம். மீண்டும் செய்கிறார். கை சரியாக நனையவில்லையோ என்று மறுபடி. தக்பீர் சொல்லும்போது நிய்யத் சரியாக வரவில்லையோ என்று திரும்பத் திரும்பக் கட்டுகிறார். ஜமாஅத் முடிந்துவிடுகிறது, அவர் இன்னும் குழாயடியில் நிற்கிறார். நம்மிடையே இதை வஸ்வாஸ் என்பார்கள். எப்போதாவது எல்லோருக்கும் சந்தேகம் வரும், அது நோய் அல்ல. ஆனால் தினமும் மணிக்கணக்கில் நேரம் போய், வேலை, படிப்பு, குடும்பம் எல்லாம் பாதிக்கப்பட்டால், அது ஓ.சி.டி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயாக இருக்க வாய்ப்பு உண்டு. இது எல்லாச் சமயத்தவருக்கும் வருவது. சிலருக்குக் கதவைப் பூட்டினோமா என்ற சந்தேகமாக வரும், சிலருக்கு வழிபாட்டில் வரும். ஈமான் குறைந்ததன் அடையாளமோ சோம்பலோ அல்ல.

இதற்கான முக்கியச் சிகிச்சைகளில் ஒன்றுதான் இந்த ஈ.ஆர்.பி. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இதன் முதல் பலன்களை வெளியிட்டார். இன்று பல நாடுகளின் மருத்துவ வழிகாட்டிகள் இதைப் பரிந்துரைக்கின்றன. பயத்தைத் தூண்டும் சூழலை, எளியதிலிருந்து கடினமானது வரை படிப்படியாகச் சந்திக்க வைப்பார்கள். அந்த நேரத்தில் வழக்கமாகச் செய்யும் செயலை, அதாவது மீண்டும் கழுவுவதையோ மீண்டும் சரிபார்ப்பதையோ, செய்யாமல் இருக்கப் பழக்குவார்கள். முதலில் பதற்றம் ஏறும். திரும்பக் கழுவாவிட்டாலும் அந்தப் பதற்றத்தைத் தாங்க முடியும், அஞ்சியது நடப்பதில்லை என்று மனம் மெல்லக் கற்றுக்கொள்ளும். திரும்பத் திரும்பச் செய்வதுதான் சந்தேகத்துக்குத் தீனி போடுகிறது. தீனி நின்றால் அது மெலியும்.

உறுதியாகத் தெரிந்த ஒன்று சந்தேகத்தால் நீங்கிவிடாது என்பது ஃபிக்ஹு சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. ஆலிம்கள் வஸ்வாஸ் உள்ளவரிடம் "பொருட்படுத்தாதீர்கள், தொழுகையைத் தொடருங்கள்" என்று சொல்வதும், சிகிச்சையாளர் "மீண்டும் செய்யாதீர்கள்" என்று சொல்வதும் ஒரே திசையில்தான் செல்கின்றன. ஒளுவையோ தொழுகையையோ விடச் சொல்லும் சிகிச்சை அல்ல இது. தேவைக்கு மேல் திரும்பச் செய்வதை மட்டுமே நிறுத்தச் சொல்கிறது. இதைப் பயிற்சி பெற்ற நிபுணரின் துணையோடு செய்ய வேண்டும். வீட்டார் குழாயை மூடிவிட்டுத் திட்டுவது சிகிச்சை ஆகாது. தொடக்கத்தில் யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள், மத்திய அரசின் டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் 14416ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மருத்துவர் சீட்டில் "ஈ.ஆர்.பி" என்று மட்டும் எழுதித் தருகிறார். வீட்டில் இருப்பவர் இணையத்தில் அந்த மூன்று எழுத்தைப் போட்டால், அலுவலக மென்பொருள் விளம்பரங்கள்தான் முதலில் வரிசைகட்டி நிற்கும். பணம் அதிகம் புழங்குவது அங்கேதானே. "இது ஏதோ கம்ப்யூட்டர் விஷயம்" என்று சீட்டை மடித்து வைத்துவிட்டால், தொடங்க வேண்டிய சிகிச்சை தள்ளிப்போகும்.

ஏன் இப்படி நேர்கிறது?

காரணம் எளிய கணக்கு. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். மூன்று எழுத்தில் அமையக்கூடிய சேர்க்கைகள் 26 × 26 × 26, அதாவது 17,576 மட்டுமே. உலகின் எல்லாத் துறைகளும் சுருக்கப் பெயர்களை இதற்குள்தான் தேட வேண்டும். எல்லா எழுத்துகளும் ஒரே அளவில் பயன்படுவதும் இல்லை. ஈ என்றால் எலெக்ட்ரானிக், எஃபெக்டிவ், ஈவென்ட், யூரோப்பியன். ஆர் என்றால் ரோடு, ரிசோர்ஸ், ரிகவரி, ரிஸ்க். பி என்றால் பவர், பிளானிங், புரோகிராம், பிரைசிங். மிகவும் புழங்கும் சொற்களின் முதலெழுத்துகள் இவை. மோதிக்கொள்ளாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தமிழிலும் ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டு. "திங்கள்" என்றால் நிலவு, மாதம், கிழமை. ஆனால் அந்த மூன்றுக்கும் உறவு இருக்கிறது. நிலவின் சுற்றிலிருந்து மாதம் வந்தது, நிலவின் பெயரால் கிழமை அமைந்தது. ஒன்று தெரிந்தால் மற்றதை ஊகிக்கலாம். சுருக்கெழுத்தில் அந்த உறவு இல்லை. சாலைக் கட்டணம் தெரிந்தவர் அதை வைத்து மனநலச் சிகிச்சையை ஊகிக்க முடியாது. ஊகம் இங்கே வழிகாட்டாது, வழிதவறச் செய்யும்.

மருந்துச் சீட்டில் உயிரே போகலாம்

இது வெறும் குழப்பத்தோடு நிற்காத இடங்களும் உண்டு. மருத்துவத்தில் "எம்.எஸ்" என்று எழுதினால் வலிக்குத் தரும் மார்ஃபின் சல்ஃபேட் என்றும் படிக்கலாம், மக்னீசியம் சல்ஃபேட் என்றும் படிக்கலாம். இரண்டும் முற்றிலும் வேறு மருந்துகள். இன்சுலின் அளவை எழுதும்போது "யூனிட்" என்பதற்கு ஆங்கில "யு" எழுத்தை மட்டும் கையால் எழுதினால், அது பூஜ்யம் போலத் தெரிந்து 4 யூனிட் 40 ஆகிவிடலாம். இதனால்தான் அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன், 2004இல் "பயன்படுத்தக் கூடாத சுருக்கங்கள்" என்று ஒரு பட்டியலையே நடைமுறைப்படுத்தியது. இந்த இரண்டும் அதில் உள்ளன.

எப்படி அடையாளம் காண்பது?

நிபுணர் அல்லாதவரும் சில அடையாளங்களை வைத்துச் சரியான பொருளுக்கு வந்துவிடலாம்.

முதலில் அருகில் இருக்கும் அளவைப் பாருங்கள்:

- வாட் என்று இருந்தால் வானொலி.
- மைக்ரோ வோல்ட் என்று இருந்தால் மூளை அலை.
- மில்லி நொடியோடு இதயத் துடிப்பு பற்றிப் பேசினால் இதயத் தசையின் ஓய்வு நேரம்.
- சதவீதமும் பங்குகளும் வந்தால் முதலீடு.
- சிங்கப்பூர் வெள்ளியும் சாலைப் பெயரும் நேரமும் வந்தால் சாலைக் கட்டணம்.
- ஓ.சி.டி, பதற்றம், அமர்வு என்ற சொற்கள் வந்தால் மனநலச் சிகிச்சை.
- ஆபரேஷன் தேதியும் உணவு, நடைப்பயிற்சி அறிவுரையும் வந்தால் விரைவாகத் தேறிவரும் திட்டம்.
- ஐரோப்பா, 1948, மார்ஷல் என்று வந்தால் போருக்குப் பிந்தைய உதவி. ஜெர்மன் வங்கிக் கடன் என்று வந்தால் அதன் வாரிசு.
- லாக்இன், பாஸ்வேர்டு, இருப்பு, இன்வாய்ஸ் என்று வந்தால் மென்பொருள். கல்லூரியில் "ஈ.ஆர்.பியில் வருகைப் பதிவைப் பாருங்கள்" என்பதும் இதே வகைதான்.

இரண்டாவதாக, எழுதியவர் யார் என்று பாருங்கள். ஒரே மூன்றெழுத்தை மனிதவளப் பிரிவு அனுப்பினால் ஒரு பொருள், மருத்துவர் எழுதினால் வேறு பொருள்.

மூன்றாவதாக, இணையத்தில் தேடும்போது சுருக்கத்தை மட்டும் போடாதீர்கள். பக்கத்தில் துறையின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

நான்காவதாக, சந்தேகம் இருந்தால் கேட்டுவிடுங்கள். "இதன் விரிவு என்ன?" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பணம் கட்டுவதற்கு முன்பும், கையெழுத்துப் போடுவதற்கு முன்பும், மருந்து சாப்பிடுவதற்கு முன்பும் இந்தக் கேள்வியைக் கேட்பது நம் உரிமை.

கடைசியாக, எழுதும் நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சங்க அறிக்கையோ பள்ளிச் சுற்றறிக்கையோ வேலை வாய்ப்புச் செய்தியோ எதுவானாலும், ஒரு சுருக்கத்தை முதல்முறை எழுதும்போது முழுப் பெயரையும் ஒருமுறை எழுதிவிடுங்கள். எழுதுபவருக்கு அது சில நொடி வேலை. விவரம் தெரியாத ஒரு தாயோ, முதல் வேலை தேடும் ஒரு பிள்ளையோ அதைப் படிக்கும்போது, அலைச்சலும் செலவும் அதனால் மிச்சமாகும்.